ஷூக் கடையிலிருந்து ஆரம்பியுங்கள்

ஜனவரி வந்தால் எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் இரண்டு விசேஷங்கள் ஒன்றாக வந்து நிற்கும். ஒன்று பொங்கல். இன்னொன்று, அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய, தானும் கறுப்பினத்தவரான மார்ட்டின் லூதர் கிங்கின் பிறந்த நாள், ஜனவரி 15. அட்லாண்டாவின் புறநகர் ஒன்றில் இருக்கிறோம். 1929இல் கிங் பிறந்த ஆபர்ன் அவென்யூ வீடு எங்கள் வகுப்பறையிலிருந்து காரில் முக்கால் மணி நேரம்தான். ஜனவரி மூன்றாவது திங்கள்கிழமை அவர் பெயரில் நாடு முழுக்க விடுமுறை. அதற்கு முந்தின நாள் ஞாயிறு, எங்கள் வகுப்பு நாள். இப்படி ஒரு வாய்ப்பு தானாக அமைந்திருக்கும்போது விட்டுவிடக் கூடாது என்று நாலு வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்தேன். 9 முதல் 11 வயது வரை 14 பிள்ளைகள்.

முதல் நாள், "கிங் யாரு?" என்று கேட்டேன். 14 கைகளும் உயர்ந்தன. "அவருக்கு ஒரு கனவு இருந்துச்சு" என்றான் ஒருவன். சரி, அப்புறம்? "அவரைச் சுட்டுட்டாங்க." அதற்கு நடுவில் என்ன செய்தார் என்று கேட்டேன். பதில் இல்லை. இவர்கள் மழலையர் வகுப்பிலிருந்தே ஒவ்வொரு ஜனவரியும் கிங் படத்துக்கு வண்ணம் தீட்டியவர்கள். கனவு தெரியும், துப்பாக்கி தெரியும். நடுவில் ஒரு மனிதர் வாழ்ந்தார் என்பதும், அவரோடு ஆயிரக்கணக்கான பேர் வேலை செய்தார்கள் என்பதும் தெரியாது. அந்த நடுப்பகுதியைச் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

ஆனால் அதை எப்படிச் செய்யக் கூடாது என்பதைத்தான் முதலில் கற்றுக்கொண்டேன். கிங் காலத்தில் தென்மாநில பஸ்களில் வெள்ளையருக்கு முன்னால் இடம், கறுப்பின மக்களுக்குப் பின்னால். அதைக் காட்ட நாற்காலிகளை பஸ் மாதிரி வரிசையாகப் போட்டேன். நான் டிரைவர். நீலச் சட்டை போட்டவர்கள் எல்லாம் பின்னால் போங்கள், மற்றவர்கள் முன்னால் என்றேன். முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். பின்னால் போனவர்களில் சிலர் முணுமுணுத்தார்கள், ஒருவன் மட்டும் வாயே திறக்கவில்லை. பத்து நிமிஷம் நடந்தது. பிள்ளைகளுக்கு உறைத்திருக்கும் என்று திருப்தியாக வீட்டுக்கு வந்தேன். சாயங்காலம் அந்தப் பையனின் அம்மா கூப்பிட்டார். "கார்ல ஏறினதிலேருந்து அழறான் மேடம். அவன் ஸ்கூல் பஸ்ல பக்கத்துல யாரும் உட்கார விடமாட்டேங்கறாங்க. ரெண்டு மாசமா அப்படித்தான். உங்களுக்கு எப்படித் தெரியும், உங்களைக் குத்தம் சொல்லல" என்றார்.

அவர் குற்றம் சொல்லவில்லை. ஆனால் குற்றம் என்னுடையதுதான். அவமானம் என்றால் என்ன என்று அந்தப் பையனுக்கு நான் கற்றுக்கொடுக்க வேண்டியதே இல்லை. அவனுக்கு ஏற்கெனவே தெரியும். முன்வரிசைப் பிள்ளைகளோ, முன்னால் உட்காருவது ஜாலியாக இருக்கும் என்று மட்டும் தெரிந்துகொண்டு போனார்கள். இங்கே பள்ளிகளில் நெடுநாள் வேலை பார்க்கும் ஆசிரியர்களிடம் பிறகு கேட்டபோது எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: ஒடுக்குமுறையைப் பிள்ளைகளை வைத்து நடித்துக் காட்டாதீர்கள். இதை எழுதுவதற்கு முதல் காரணமே இதுதான். உங்கள் ஊர் வகுப்பில் யாராவது இப்படி ஒரு யோசனை சொன்னால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்த வருஷம் ஷூக் கடையிலிருந்து ஆரம்பித்தேன். இது கிங் தானே எழுதிவைத்த சம்பவம். அவர் சின்னப் பையனாக இருந்தபோது அப்பாவோடு அட்லாண்டாவில் ஒரு ஷூக் கடைக்குப் போகிறார். கடையில் முன்பக்கம் இடம் காலியாக இருக்கிறது, இருவரும் உட்காருகிறார்கள். கடையில் வேலை பார்க்கும் வெள்ளைக்கார இளைஞர் ஒருவர் வந்து, மரியாதையாகவே, பின்னால் போய் உட்காருங்கள், அங்கே வந்து கவனிக்கிறேன் என்கிறார். இந்த இடத்துக்கு என்ன குறை, இங்கேயே வசதியாக இருக்கிறது என்கிறார் அப்பா. இல்லை, மாறித்தான் ஆக வேண்டும். இங்கே உட்கார்ந்து வாங்குவோம், இல்லையென்றால் வாங்கவே மாட்டோம் என்று சொல்லிவிட்டு, மகனின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடக்கிறார்.

இவ்வளவுதான் கதை. அடிதடி இல்லை, ரத்தம் இல்லை, கூட்டம் இல்லை. ஒரு அப்பா, ஒரு பிள்ளை, வாங்காத ஒரு ஜோடி ஷூ. கடைக்குப் போய்ப் புது ஷூ வாங்காமல் திரும்புவது என்றால் என்ன என்று 9 வயதுப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். கரும்பலகையில் கடையின் படம் வரைந்து, முன்னால் நாலு நாற்காலி, பின்னால் நாலு நாற்காலி போட்டேன். வேறு எதுவும் செய்யவில்லை. கேள்விகள் தானாக வந்தன. "அப்புறம் ஷூ எங்கே வாங்கினாங்க?" "அந்தக் கடைக்காரர் நல்லவரா கெட்டவரா? மரியாதையாத்தானே பேசினாரு?" இந்த இரண்டாவது கேள்விக்காகவே இந்தக் கதையைச் சொல்லலாம். கத்தாமல், திட்டாமல், சிரித்த முகத்தோடும் ஒருவரைக் கீழே தள்ள முடியும். அந்த இளைஞர் கடையின் விதியைச் சொன்னார். விதியே தப்பாக இருந்தது. இதை நானாகச் சொல்லவில்லை. பிள்ளைகள் அரை மணி நேரம் பேசிப் பேசி அவர்களாகவே அங்கே வந்து சேர்ந்தார்கள்.

கதை சொல்லும்போது ஒன்றைக் கவனித்தேன். 'எனக்கொரு கனவு' மாதிரிப் பெரிய உரையிலிருந்து ஆரம்பித்தால் பிள்ளைகள் கைகட்டிக் கேட்கிறார்கள். சின்ன சம்பவத்திலிருந்து ஆரம்பித்தால் குறுக்கே பேசுகிறார்கள். வகுப்பில் குறுக்கே பேச்சு வந்தால்தான் எனக்கு உயிர் வரும்.

அதற்கு அடுத்த ஞாயிறு பஸ். அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமெரி நகரம், 1955. மறுபடி நாற்காலி போடவில்லை. கட்டம் போட்ட தாளில் 36 இருக்கைகளை வரையச் சொன்னேன். முதல் 10 வெள்ளையருக்கு. கடைசி 10 கறுப்பின மக்களுக்கு. நடுவில் இருக்கும் 16 இருக்கைகளில் அவர்கள் உட்காரலாம், ஆனால் ஒரு வெள்ளையருக்கு இடம் வேண்டுமென்றால் எழுந்துவிட வேண்டும். ஒரே வரிசையில் இரண்டு நிறத்தவரும் உட்காரக் கூடாது என்பதால், ஒருவர் உட்கார அந்த வரிசையில் இருக்கும் நாலு பேரும் எழ வேண்டும். டிசம்பர் 1ஆம் தேதி ரோசா பார்க்ஸ் உட்கார்ந்திருந்தது இந்த நடுப்பகுதியின் முதல் வரிசையில். மூன்று பேர் எழுந்தார்கள், அவர் எழவில்லை.

ரோசா பார்க்ஸ் வெள்ளையருக்கான இடத்தில் போய் உட்கார்ந்தார், கால் வலியால் எழவில்லை என்றெல்லாம் பிள்ளைகள் கேட்டுவைத்திருப்பார்கள். இரண்டும் தப்பு. அவருக்கு அப்போது 42 வயது. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய சங்கத்தின் உள்ளூர்க் கிளைக்குப் பன்னிரண்டு வருஷமாகச் செயலாளராக இருந்தவர். விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துத்தான் அலுத்துப்போயிருந்ததாக அவரே பின்னால் எழுதினார். பாவம், களைத்துப்போன ஒரு தையல்காரம்மா என்று சொன்னால் பிள்ளைகளுக்கு இரக்கம் வரும். பல வருஷமாகத் தயாராகிக்கொண்டிருந்த ஒருவர் என்று சொன்னால் மரியாதை வரும். எனக்கு வேண்டியது மரியாதை.

அதே ஊரில் 9 மாதங்களுக்கு முன்னால், மார்ச் 2ஆம் தேதி, கிளாடெட் கோல்வின் என்ற 15 வயது மாணவி இதே மாதிரி எழ மறுத்துக் கைதானார். தலைவர்கள் அவரை முன்னிறுத்தத் தயங்கினார்கள். வயது சின்னது, வசதியில்லாத குடும்பம், இப்படிச் சில காரணங்கள். ஆனால் பஸ்ஸில் பிரிவினை செல்லாது என்று கடைசியில் தீர்ப்பு வாங்கிய வழக்கில் பெயர் கொடுத்த நாலு பெண்களில் அவரும் ஒருவர். அவர் மேலிருந்த பழைய வழக்கின் பதிவை நீதிமன்றம் நீக்கியது 2021இல், அவருக்கு 82 வயதானபோது. எங்கள் வகுப்பில் எல்லோரையும்விட அதிகம் கேள்வி வருவது கிளாடெட்டைப் பற்றித்தான். "எங்க அக்காவுக்கும் 15 வயசு" என்றாள் ஒருத்தி. அதற்கு மேல் நான் என்ன விளக்க?

இந்த இடத்தில்தான் கிங் வருகிறார். ரோசா பார்க்ஸ் கைதானதை எதிர்த்து ஊரின் கறுப்பின மக்கள் பஸ்ஸில் ஏறுவதையே நிறுத்தினார்கள். அந்தப் புறக்கணிப்பு தொடங்கியபோது கிங்குக்கு 26 வயது, அந்த ஊருக்கு வந்து ஒரு வருஷம் சொச்சம் ஆன பாதிரியார். அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். இதைச் சொன்னதும் பிள்ளைகளிடம் ஒரு கணக்குக் கேட்டேன். நாளையிலிருந்து நம் எல்லோர் வீட்டிலும் கார் கிடையாது. பள்ளிக்கு, வேலைக்கு, டாக்டரிடம் எப்படிப் போவது? எத்தனை நாள் தாக்குப்பிடிப்பீர்கள்? ஒரு வாரம் என்றார்கள். ஒருத்தி ஒரு மாதம் என்றாள். பலகையில் 381 என்று எழுதினேன். 1955 டிசம்பர் 5 முதல் 1956 டிசம்பர் 20 வரை, 381 நாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் பின்னாலிருந்து ஒருவன், "அப்படின்னா எல்லாருக்கும் நடுவுல ஒரு பர்த்டே வந்திருக்கும்" என்றான். வந்தது. கிங்குக்கே 27வது பிறந்த நாள் வந்தது. நான் நாலு வருஷமாக 381 என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், அதன் நீளம் எனக்கே அந்தப் பையன் சொல்லித்தான் பிடிபட்டது.

381 நாள் எப்படி நடந்தது என்பதைச் சொல்லும் பகுதிதான் எனக்கு மிகப் பிடித்தது. ரோசா பார்க்ஸ் கைதான அன்று இரவு ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆங்கில ஆசிரியை தூங்கவில்லை. தன் கல்லூரியின் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில், இரண்டு மாணவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, பல்லாயிரம் துண்டறிக்கைகளை விடிவதற்குள் அடித்து முடித்தார். திங்கள்கிழமை பஸ்ஸில் ஏறாதீர்கள் என்ற செய்தி ஊர் முழுக்கப் போனது அப்படித்தான். பிறகு கார் உள்ளவர்கள் கார் கொடுத்தார்கள். கிட்டத்தட்ட 300 கார்கள் ஓடின. யார் எங்கே நிற்பது, எத்தனை மணிக்கு எந்த முனையில் ஏற்றிக்கொள்வது என்று பட்டியல் போட்டார்கள். மீதிப் பேர் நடந்தார்கள்.

பெட்ரோலுக்குப் பணம்? ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்கார அம்மா, தெரிந்த பெண்களைச் சேர்த்துக்கொண்டு, கோழி சாண்ட்விச்சும் கேக்கும் 'பை' என்ற பலகாரமும் செய்து விற்றார். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எங்கிருந்தும் வரவில்லை என்று சொல்லிக்கொள்ள வசதியாக, அந்தக் குழுவுக்கே அப்படி ஒரு பெயர் வைத்தார்கள். பெயர் வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. நீதிமன்றத்தில் சாட்சி சொன்ன பிறகு கில்மோருக்கு வேலை போகவும் செய்தது. அப்புறம் தன் வீட்டிலேயே சமைத்து விற்றார். கிங்கும் அங்கே வந்து சாப்பிட்டிருக்கிறார். இதைச் சொன்னபோது ஒரு பிள்ளை, "நம்ம பொங்கல் விழாவுல அம்மாங்க இட்லி ஸ்டால் போட்டு ஸ்கூலுக்குக் காசு சேர்த்தாங்களே, அந்த மாதிரி" என்றாள். அந்த மாதிரியேதான் கண்ணு. அன்றைக்கு அவளுடைய அம்மா கூட்டிப்போக வந்தபோது, அவள் ஓடிப்போய் ஜார்ஜியா கில்மோரைப் பற்றித்தான் முதலில் சொன்னாள்.

இங்கே நான் கற்றது ஒன்று. தலைவரை மட்டும் சொன்னால் பிள்ளைகள் அண்ணாந்து பார்ப்பதோடு சரி. துண்டறிக்கை அடித்தவரை, சாண்ட்விச் செய்தவரை, கார் ஓட்டியவரைச் சொன்னால், இதில் தன்னால் எது முடியும் என்று தேட ஆரம்பிக்கிறார்கள். ஒருவன், நான் கார் பட்டியல் போடுவேன், எனக்குக் கணக்கு வரும் என்றான். இதனால் கிங்கின் பெருமை குறைவதே இல்லை. இத்தனை பேரை 381 நாள் சோராமல், கை ஓங்காமல் பிடித்துவைத்திருந்த குரல் அவருடையது.

வன்முறையை எந்த அளவுக்குச் சொல்வது என்பதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். முடிவை முதலில் சொல்லிவிடுவேன். 1956 ஜனவரி 30 அன்று கிங்கின் வீட்டு முன்வாசலில் குண்டு வீசினார்கள். "யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இப்போது கேளுங்கள்" என்றுதான் ஆரம்பிப்பேன். வீட்டுக்குள் மனைவி கொரெட்டாவும் பத்து வாரக் குழந்தையும் இருந்தார்கள். ஆத்திரத்தோடு கூடிய கூட்டத்தை கிங் அதே வாசலில் நின்று அமைதிப்படுத்தி வீட்டுக்கு அனுப்பினார். முடிவு தெரிந்தால் பிள்ளைகள் பயத்தை விட்டுவிட்டு, அவர் என்ன செய்தார் என்பதைக் கவனிக்கிறார்கள். 1963 மே மாதம் பர்மிங்காம் நகரில் பிள்ளைகள் ஊர்வலம் போனதையும், ஆட்ரி ஃபே ஹென்ட்ரிக்ஸ் என்ற 9 வயதுச் சிறுமி ஒரு வாரம் சிறையில் இருந்ததையும் சொல்கிறேன். அவள் பத்திரமாக வீடு திரும்பினாள் என்பதையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுகிறேன். நாய்களை ஏவிவிட்ட படங்களைக் காட்டுவதில்லை. அதே வருஷம் செப்டம்பரில் தேவாலயத்தில் வைத்த குண்டுக்குப் பலியான நாலு சிறுமிகளைப் பற்றி 11 வயதுப் பிள்ளைகளுக்கு மட்டும், பெற்றோருக்கு முன்கூட்டியே செய்தி அனுப்பிவிட்டுத்தான் சொல்கிறேன். அங்கே முடிவை முன்னால் சொன்னாலும் ஆறுதல் கிடையாது. அதனால் அன்றைக்கு வேறு பாடம் வைப்பதில்லை. பேச வேண்டியவர்கள் பேசலாம், சும்மா இருக்க வேண்டியவர்கள் சும்மா இருக்கலாம்.

இதற்கிடையே ஒரு அப்பா கேட்டார்: "தமிழ் வகுப்புல தமிழ் சொல்லிக்கொடுங்க மேடம். இதெல்லாம் அவங்க ஸ்கூல்ல பாத்துப்பாங்க. நமக்குத் திருக்குறள் இருக்கு, பாரதியார் இருக்கார்." நியாயமான கேள்விதான். அன்றைக்கு எனக்குச் சரியான பதில் இல்லை. பதில் கிடைத்தது மெம்ஃபிஸ் பாடத்தில்.

சுடப்பட்டபோது கிங் ஏன் டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரில் இருந்தார் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது. 1968 பிப்ரவரியில் குப்பை லாரியின் நசுக்கும் இயந்திரத்தில் சிக்கி இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்குத் துணையாகத்தான் கிங் போனார். ஏப்ரல் 4ஆம் தேதி அங்கே சுடப்பட்டார். 39 வயது. அந்தத் தொழிலாளர்கள் கழுத்தில் மாட்டியிருந்த அட்டைகளில் எழுதியிருந்தது ஒரே வாக்கியம்: நான் ஒரு மனிதன். "அது எல்லாருக்கும் தெரியுமே, எதுக்கு எழுதணும்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். 50 வயது ஆளையும் அங்கே 'பையா' என்றுதான் கூப்பிடுவார்கள் என்றேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆங்கிலத்தில் அது அவர்களுக்குச் சாதாரணச் சொல். சட்டென்று தமிழில் சொல்லிப் பார்த்தேன். "உங்க தாத்தாவை ஒரு அஞ்சாங்கிளாஸ் பையன், 'டேய், இங்க வாடா'ன்னு கூப்பிடறான்." வகுப்பே அதிர்ந்துபோனது. ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவன், அவர். நீ, நீங்கள். வா, வாங்க. மூன்று வருஷமாக இதை இலக்கணமாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன், பாதிப் பிள்ளைகள் தாத்தாவையே 'அவன் வந்தான்' என்றுதான் எழுதுவார்கள். அன்றைக்குப் பிறகு அந்தப் பிழை பாதியாகக் குறைந்தது. பர்மிங்காம் சிறையிலிருந்து 1963 ஏப்ரலில் எழுதிய கடிதத்தில் கிங் இதைத்தான் வேதனையோடு சொல்கிறார்: எத்தனை வயதானாலும் நம்மைப் பையன் என்கிறார்கள், நம் மனைவிக்கும் அம்மாவுக்கும் மரியாதைச் சொல் வைத்துக் கூப்பிடுவதே இல்லை என்று. அந்த வலியைச் சொல்ல மரியாதைப் பன்மை இருக்கும் மொழியைவிட வேறு நல்ல மொழி எது? அந்த அப்பாவிடம் இதைச் சொன்னேன். யோசித்துவிட்டு, "எங்க வீட்லயும் கறுப்பின ஆட்களை ஒரு மாதிரிச் சொல்லித்தான் பேசறோம், பையன் கேட்டுக்கிட்டுதான் இருக்கான்" என்றார். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை.

வகுப்பில் ஒரு அட்டைப்பெட்டி வைத்திருக்கிறேன். வாயால் கேட்கக் கூச்சமாக இருப்பதைச் சீட்டில் எழுதிப் போடலாம், பெயர் எழுத வேண்டாம். இந்தப் பாடத்தை எடுக்கும் யாரும் இதை மட்டுமாவது செய்யுங்கள். வருஷா வருஷம் அதில் ஒரு சீட்டு தவறாமல் வருகிறது: "நாம அப்ப இருந்திருந்தா பஸ்ஸுல எங்க உட்கார்ந்திருப்போம்?"

இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். நம் ஆட்களே அப்போது இங்கே மிகக் குறைவு என்பது முதல் பதில். இந்தியர்கள் குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் என்று 1923இல் இந்த நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. 1946இல் சட்டம் மாறியபோதும் வருஷத்துக்கு 100 இந்தியருக்குத்தான் இடம். கறுப்பின மக்களின் போராட்டத்தால் 1964இல் குடிமை உரிமைச் சட்டமும் 1965இல் வாக்குரிமைச் சட்டமும் வந்தன. அந்த அலையில்தான், 1965 அக்டோபரில், நாடு பார்த்து ஆள் எடுக்கும் பழைய குடியேற்ற முறையும் ஒழிந்தது. உங்கள் அப்பா அம்மா விமானம் ஏறி வந்ததற்கு அந்தச் சட்டம் ஒரு காரணம் என்றால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். இரண்டாவது பதிலாக, இந்திய விடுதலைப் போராட்டத்தில் இருந்த கமலாதேவி சட்டோபாத்யாய் கதையைச் சொல்வேன். 1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநில ரயில் ஒன்றில் வெள்ளையர் பெட்டியில் உட்கார்ந்திருந்தார். டிக்கெட் பரிசோதகர் எழுந்து போகச் சொன்னார். இந்தியர் என்று தெரிந்ததும் பரிசோதகர் தணிந்துபோனார். அந்தச் சலுகை கமலாதேவிக்கு வேண்டியிருக்கவில்லை. நானும் நிறமுள்ள பெண்தான், எழ மாட்டேன் என்றார். எங்கே உட்கார்ந்திருப்போம் என்பது மட்டுமில்லை, நமக்கு மட்டும் தனியாக இடம் கொடுத்தால் வாங்கிக்கொள்வோமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள் என்பேன்.

இன்னொரு சீட்டு எனக்குப் பதில் தெரியாமல் கையிலேயே இருந்தது. "கறுப்பு நல்ல கலர்னா பாட்டி ஏன் வெயில்ல விளையாடாத, கறுத்துடுவேன்னு சொல்றாங்க?" பாட்டிக்கு உன்மேல் உயிர், ஆனால் பாட்டி சொன்னது தப்பு, இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் என்று சொன்னேன். இன்றைக்கும் அதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

போன ஜனவரியில் 1959 பயணத்தைச் சொன்னேன். கிங்கும் கொரெட்டாவும் அந்த வருஷம் பிப்ரவரி, மார்ச்சில் ஒரு மாதம் இந்தியாவில் இருந்தார்கள். சென்னைக்கும் காந்திகிராமத்துக்கும் வந்தார்கள். திருவனந்தபுரத்தில், தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் படித்த ஒரு பள்ளிக்குப் போனபோது, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் இன்னொரு தீண்டத்தகாதவர் என்று தலைமையாசிரியர் கிங்கை அறிமுகப்படுத்தினார். கிங்குக்கு முதலில் அதிர்ச்சி, கொஞ்சம் கோபம்கூட. அப்புறம் யோசித்துப் பார்த்தார். ஆமாம், நானும் தீண்டத்தகாதவன்தான் என்று ஏற்றுக்கொண்டார். 1965இல் தன் சொந்த தேவாலயத்தில், எங்கள் ஊர் எபினேசரில், நின்று இதைச் சொன்னார்.

"தீண்டத்தகாதவர்னா என்ன டீச்சர்?" என்று கேட்டான் ஒருவன். இங்கே பிறந்த பிள்ளை. அவனுக்குத் தெரியாதது ஆச்சரியமில்லை. அகராதி விளக்கம் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. எங்கள் தாத்தா வீட்டைச் சொன்னேன். தஞ்சாவூர் பக்கம் ஒரு கிராமம். பண்ணையில் வேலை பார்த்த பெரியவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். முன்வாசலுக்கு வர மாட்டார், கொல்லைப்புறம்தான். அவருக்கென்று ஒரு அலுமினியத் தம்ளர், மாட்டுக்கொட்டகை எரவாணத்தில் செருகியிருக்கும். அதை அவரே எடுத்து, அவரே கழுவி, அதே இடத்தில் செருகிவிட்டுப் போவார். பாட்டி காப்பியை உயரத்திலிருந்து ஊற்றுவார். எனக்கு ஏழு வயது. நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன், வாடா போடா என்பேன். யாரும் என்னைத் திருத்தவில்லை. ரோசா பார்க்ஸ் ஊர் பஸ்ஸில் முன்வாசலில் காசு கொடுத்துவிட்டு இறங்கிப் போய்ப் பின்வாசலில் ஏறச் சொல்வார்கள் என்று படித்தபோது எனக்கு அந்தக் கொல்லைப்புறம்தான் நினைவுக்கு வந்தது, அதையும் சொன்னேன்.

வகுப்பு கொஞ்ச நேரம் அசையவில்லை. முதல் வருஷம் நான் பின்னால் அனுப்பிய பையன்தான் பேசினான். இப்போது வளர்ந்துவிட்டான், உதவி ஆசிரியராக வருகிறான். "அந்தத் தாத்தா பேர் என்ன?" என்று கேட்டான்.

ஊரில் எல்லோரும் கூப்பிட்ட இரண்டெழுத்துச் செல்லப்பெயர்தான் எனக்குத் தெரியும். அதையா பெயர் என்று சொல்வது? அன்று இரவு அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அம்மாவுக்கும் தெரியவில்லை. "அவன் பேரு எதுக்குடி இப்ப?" என்றார். 'அவர்' என்று நான் சொல்ல, அம்மா ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார். விசாரித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். இரண்டு வாரம் கழித்து, அவருடைய மருமகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, குரல் செய்தி அனுப்பினார். அவர் குடும்பம் இன்னும் அந்த ஊரில் இருப்பதால் இங்கே அதைப் போடவில்லை. அடுத்த ஞாயிறு பலகையில் 'திரு.' போட்டு முழுப் பெயரையும் எழுதினேன். பிள்ளைகள் கேட்காமலே நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.